சர்வீஸ் சார்ஜும் டிப்ஸும் கடைசியில் யார் பைக்குப் போகிறது?

30 மார்ச் 2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாங்களாகவே பில்லில் போடக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் நேற்று முன்தினம் சொல்லிவிட்டது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கென்னவோ சாப்பிடப் போகிற நமக்கு லாபம், பரிமாறுகிறவருக்கு நஷ்டம் என்றுதான் படுகிறது. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் போடும் பத்து சதவீதம் அவர்களுக்குத்தானே போய்க்கொண்டிருந்தது? தொழிலில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

30 மார்ச், இரவு

சில இடங்களில் போனது. பல இடங்களில் பாதி வழியிலேயே நின்றது. எங்கே போனது, எங்கே நின்றது என்று மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

நான் கோயம்புத்தூரில் சர்வராகச் சேர்ந்து, சர்வர்களை மேய்க்கும் கேப்டனாகி, முட்டி ஒத்துழைக்காத பிறகு சென்னையில் ஓட்டல் கணக்கு எழுத உட்கார்ந்தவன். அதனால் தட்டு தூக்கிய பக்கமும் தெரியும், கல்லாப் பக்கமும் தெரியும்.

கணக்கு எப்படி ஓடும் என்று உருண்டை எண்களில் சொல்கிறேன். மாதம் ஒரு லட்சம் சர்வீஸ் சார்ஜ் வசூல் என்று வையுங்கள். முதலில் உடைசல் கழியும்: உடைந்த டம்ளர், காணாமல் போன ஸ்பூன், பில் கட்டாமல் நழுவிய மேசை. அது ஒரு 12,000. அடுத்து ‘நிர்வாகம்’ என்று 40,000. இதற்கு ரசீதும் கிடையாது, விளக்கமும் கிடையாது. மிச்சம் 48,000. கேப்டனுக்கு 5, சர்வருக்கு 3, மேசை துடைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் 1 என்று பாயிண்ட் போட்டு, மொத்தம் 120 பாயிண்ட் வந்தால் ஒரு பாயிண்டுக்கு 400 ரூபாய். சர்வருக்கு 1,200. பாத்திரம் கழுவுபவருக்கு 400.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி நடந்தது. இன்னோர் இடத்தில் ஒரு பைசா கழிக்காமல் பிரித்தார்கள். யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைச் சமையலறை வாசலில் ஒட்டிவிடுவார்கள். சம்பளச் சீட்டைப் பார்க்காதவன்கூட அந்தப் பட்டியலை விரலால் தடவித் தடவிப் படிப்பான். இரண்டு ஓட்டலிலும் பில்லில் இருந்தது அதே ஒரு வரிதான்.

1 ஏப்ரல்

தீர்ப்பைப் பற்றி நிறைய குழப்பம் ஓடுவதால் கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிறேன்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, கட்டமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கக்கூடாது, சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து அதன்மேல் ஜிஎஸ்டி போடக்கூடாது. அதே மாதம் ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கின. ஏறக்குறைய மூன்று வருடம் அப்படியே கிடந்தது. இப்போது நீதிபதி பிரதிபா எம். சிங் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்திருக்கிறார்.

கையில் எவ்வளவு மிச்சம் என்றால், 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் பத்து சதவீதம் சேர்ந்து 1,100, அதன்மேல் 5% ஜிஎஸ்டி 55, ஆக 1,155. இனி 1,050. வித்தியாசம் 105. அதில் 100 ஓட்டலுக்குப் போனது, 5 அரசாங்கத்துக்கு. சர்வருக்குக் கிடைப்பதாக நாம் நினைத்த பணத்துக்கு நாமே வரியும் கட்டிக்கொண்டிருந்தோம்.

இத்தனையும் வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு. வாங்கிய பணம் ஊழியருக்குப் போயே தீரவேண்டும் என்று இதில் ஒரு வரியும் இல்லை. நம் விவாதத்துக்கு அதுதான் முக்கியம்.

1 ஏப்ரல், மறுபடியும்

‘சர்வீஸ் சார்ஜ் அரசாங்கத்துக்குப் போகும் வரிதானே’ என்று கேட்டவருக்கு: இல்லை. 2017-க்கு முன் இருந்த சர்வீஸ் டாக்ஸ் வேறு. அது ஒழிந்து ஜிஎஸ்டி வந்தாயிற்று. ஆனால் அந்தக் குழப்பத்தில் குளிர்காய்ந்த ஓட்டல்கள் உண்டு. ‘கவர்மெண்ட் சார்ஜ் சார்’ என்று சொல்லச் சொல்லி எங்களுக்கே பாடம் எடுத்தார்கள்.

3 ஏப்ரல்

சர்வீஸ் சார்ஜ் பெரிய ஓட்டல்காரர்களின் சண்டை. நம் ஊரில் சர்வர் வயிற்றில் அடித்தது அதுவல்ல, போனில் பணம் வந்ததைக் கல்லாவில் கத்திச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிதான்.

சாதாரண சைவ ஓட்டலில் என்றைக்குமே பத்து சதவீதம் போட்டதில்லை. பில் 287 வரும். முந்நூறு ரூபாய் வைப்பீர்கள். சர்வர் 13 ரூபாயை ஒரு சின்னத் தட்டில் சோம்போடு சேர்த்துக் கொண்டுவந்து வைப்பார். சோம்பை எடுத்துக்கொள்வீர்கள், சில்லறையை விட்டுவிட்டுப் போவீர்கள். தாராளமாக இருக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை. தட்டே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. சில்லறையை எப்படிக் கொண்டுவந்து வைப்பது என்பதே தனிக் கலை. 50 ரூபாய் மீதி என்றால் ஒரே ஐம்பதாகக் கொண்டுவர மாட்டோம். இரண்டு இருபதும் ஒரு பத்துமாக மாற்றி வைப்போம். ஒரே நோட்டாக இருந்தால் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போது? போனை நீட்டினால் ‘இருநூற்று எண்பத்தேழு ரூபாய் பெறப்பட்டது’ என்று பெட்டி கத்துகிறது. பைசா மிச்சமில்லை, தட்டும் வருவதில்லை. மனசாரக் கொடுக்க நினைத்து 300 அனுப்பினாலும் அது முதலாளியின் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. ராத்திரி கல்லா முடிக்கும்போது அந்த 13 ரூபாய் ‘கூடுதல்’ என்ற தலைப்பில் நிற்கும். அதை எந்த சர்வர் பெயரில் எழுதுவது? நான் உட்கார்ந்திருந்த கல்லாவில் அதை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று சர்வருக்குத் தெரிந்தால்தானே.

3 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

‘சர்வரின் சொந்த க்யூஆர் கோடுக்கு அனுப்பலாமே’ என்று இரண்டு பேர். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்கச் சொல்லும் ஓட்டல்கள்தான் அதிகம். மீறி வைத்திருந்தால், சாப்பாட்டுப் பணத்தையே தன் கணக்குக்கு வாங்கிக்கொண்டான் என்று பழி வரும். அந்தப் பயம் முதலாளிக்கும் உண்டு, சர்வருக்கும் உண்டு. இருவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

6 ஏப்ரல்

டிப்ஸைக் கையில் கொடுப்பதுதான் நியாயம், எல்லாருக்கும் பொதுவான டிப்ஸ் பெட்டியில் போடுவது ஏமாற்று என்ற கட்சி வலுக்கிறது. அவ்வளவு லேசாக விடமுடியாது.

நீங்கள் ரசித்துச் சாப்பிட்ட பரோட்டாவை வீசியவர் அனல் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், உங்கள் கண்ணில் படமாட்டார். எச்சில் தட்டைக் கழுவியவர் அதற்கும் பின்னால். ஏசி ஹாலில் நின்றவருக்கு ஐம்பது கிடைக்கிறது, அவருக்கு ஒன்றுமில்லை. பெட்டி வைத்துப் பிரித்தால் அவருக்கும் ஒரு பங்கு வரும். சேர்ந்து பிரிப்பது தப்பில்லை. பெட்டியின் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

கோயம்புத்தூரில் எங்கள் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேனேஜரிடம், ஒரு சாவி மூத்த டீ மாஸ்டரிடம். ஞாயிறு மதியம் கூட்டம் வடிந்த பிறகு எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணுவோம். அப்படி எண்ணும்போதுதான் உலகத்திலுள்ள கிழிந்த பத்து ரூபாய் நோட்டெல்லாம் டிப்ஸ் பெட்டியில்தான் வந்து சேருகிறது என்று தெரிந்தது. ஒருமுறை செல்லாத வெளிநாட்டு நாணயம் ஒன்றும் கிடந்தது. மாஸ்டர் அதில் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்.

7 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பெட்டியைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேனோ?

பெட்டி இருக்கும் இடத்திலும் ‘கையில் வந்ததைப் பெட்டியில் போட்டாயா’ என்று சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும் கேப்டன்கள் உண்டு. பெட்டி இல்லாத இடத்தில் வேறு அரசியல். நல்ல மேசை யாருக்கு என்று முடிவு செய்வதும் கேப்டன்தான். ஜன்னலோரக் குடும்ப மேசைகள் வேண்டியவனுக்கு, வாசல் பக்கம் அவசரமாகக் காபி குடித்துப் போகிறவர்கள் புதுசாய் வந்தவனுக்கு. வேண்டியவன் ராத்திரி கேப்டனுக்கு ஒரு பங்கு தள்ளுவான். நானும் கேப்டனாக இருந்தவன்தான், இதற்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

இப்போது ஹாலில் நிற்பவர்களில் பலர் வடகிழக்கிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு வீட்டுக்குப் போக வருடத்துக்கு ஒருமுறை ரயில் டிக்கெட் போடுவதே டிப்ஸ் காசில்தான். நல்ல மேசை அவர்களுக்கு எப்போது விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

20 ஏப்ரல்

சட்டம் தெரிந்த ஒருவர் கேட்டார்: டிப்ஸ் சம்பளமா, இல்லையா?

இல்லை. 2016-இல் ஐடிசி ஓட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் கார்டில் சேர்த்துக் கொடுத்த டிப்ஸை ஓட்டல் வாங்கி ஊழியருக்குப் பிரித்தால், அது சம்பளம் ஆகாது. சம்பளத்துக்குப் பிடிப்பதுபோல ஓட்டல் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடிக்க வேண்டியதில்லை. பணம் வாடிக்கையாளருடையது, ஓட்டல் அதை நம்பிக்கைப் பொறுப்பில் கையில் வைத்திருக்கிறது என்பதுதான் காரணம். வழக்கென்னவோ வருமான வரி பற்றியது. ஆனால் இந்தக் காரணத்தை அப்படியே எடுத்துவைத்தால் நிர்வாகம் என்று 40,000 கழிப்பதற்கு என்ன பதில்? கேட்கத்தான் ஆளில்லை.

அந்தத் தீர்ப்பை முழுக்கக் கொண்டாடவும் முடியாது. சர்வீஸ் சார்ஜைப் பிரித்துக் கொடுத்தாலும் அது தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ சட்டத்தின்படி கூலி ஆகாது என்று இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிஎஃப், கிராஜுட்டி கணக்கிலும் டிப்ஸ் சேர்வதில்லை. சம்பளம் 11,000, டிப்ஸ் 9,000 என்று இருபதாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குக் காலுடைந்து வீட்டில் கிடந்தால் கணக்கில் வருவது அந்த 11,000 மட்டும்தான். வங்கியில் கடன் கேட்டாலும் அதுதான். டிப்ஸ் நன்றாக வருகிற ஓட்டலில் சம்பளம் ஏறாமல் கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆள் தேவை போர்டைப் பாருங்கள். ‘சம்பளம், டிப்ஸ், சாப்பாடு, தங்குமிடம்’ என்று டிப்ஸ் இரண்டாவது இடத்தில் இருக்கும். அது உங்கள் பாக்கெட்டிலிருந்து வருகிற பணம், போர்டில் முதலாளி கொடுக்கிற மாதிரி! நம் நாட்டுச் சட்டத்தில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க இடமில்லை. தமிழ்நாட்டில் ஓட்டல் வேலைக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பே உண்டு. அமெரிக்காவில் சட்டமே அப்படிக் குறைக்க விடுகிறது. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-இலிருந்து ஏறவேயில்லை. ‘அமெரிக்காவில் இருபது சதவீதம் கொடுக்கிறார்கள், நம் ஆட்கள் கஞ்சன்’ என்று எழுதியவர் இதையும் சேர்த்துப் படிக்கவும்.

11 மே

முதலாளி பக்கமும் கேட்போம் என்று, சின்ன ஓட்டல் நடத்தும் பழைய நண்பரைப் பிடித்தேன். வாடகை, கேஸ், ஆப் கம்பெனிகளின் கமிஷன் என்று பெரிய புலம்பல். புலம்பலில் பொய் இல்லை. ‘சர்வீஸ் சார்ஜ் போனால் தோசை விலையை ஏற்றிவிட்டுப் போகிறேன், அதை யாரும் கேட்க முடியாதே’ என்றார். உண்மை. ‘ஏற்றிய காசில் சர்வருக்கு எவ்வளவு?’ என்றேன். காபி சொன்னார்.

அப்புறம், ஆப்பில் டெலிவரி தம்பிக்குக் கொடுக்கும் டிப்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது முழுக்க அவருக்கே என்று கம்பெனி சொல்கிறது. அவர் போனிலும் காட்டுகிறது. அதே சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்த பார்சல்காரருக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

15 ஜூன்

‘குறை சொன்னது போதும், வேறெங்காவது சரியாக நடக்கிறதா’ என்ற கேள்விக்கு இரண்டு பதில்.

ஒன்று பிரிட்டன். அங்கேயும் நம் கதைதான். டிப்ஸில் ஒரு பங்கை ஓட்டலே எடுத்துக்கொண்டது பெரிய சர்ச்சையானது. 2023-இல் சட்டம் போட்டார்கள், 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறை. டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் எதுவானாலும் முழுக்க ஊழியருக்கு. வரி தவிர வேறு எதையும் கழிக்கக்கூடாது. வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும், கணக்கை மூன்று வருடம் காப்பாற்ற வேண்டும், ஊழியர் கேட்டால் காட்ட வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வாங்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. வாங்கினால் கணக்கைக் காட்டு என்றார்கள். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. நாம் வாடிக்கையாளரின் 105 ரூபாயைக் காப்பாற்றினோம், அவர்கள் சர்வரின் பங்கைக் காப்பாற்றினார்கள்.

இரண்டாவது நம் பக்கத்திலேயே இருக்கிறது, இந்தியன் காபி ஹவுஸ். அரசின் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று கூட்டுறவுச் சங்கம் அமைக்க, 1957-இலிருந்து ஊழியர்களே நடத்தத் தொடங்கினார்கள். தலைப்பாகையோடு வந்து காபி வைப்பவரும் அந்தச் சங்கத்தில் பங்குதாரராக இருக்கலாம். அங்கே போய் ‘டிப்ஸ் முதலாளிக்குப் போகிறதா’ என்று கேட்டால் முதலாளி யார் என்று அவர்தான் திருப்பிக் கேட்பார். காபி எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சண்டை வரும்.

24 ஆகஸ்ட்

மார்ச் தீர்ப்பை எதிர்த்துச் சங்கங்கள் போட்ட மேல்முறையீடு டெல்லியில் நடக்கிறது. 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 100 வாங்குகிறீர்களே, அந்த 80 எதற்கு, அதற்கும் மேலே சர்வீஸ் சார்ஜ் எதற்கு என்று தலைமை நீதிபதி அமர்வு கேட்டிருக்கிறது. ஓட்டலில் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர்களும் இதே தரப்புதான். உட்கார இடம், ஏசி, உபசரிப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை என்பது அன்றைய வாதம். உபசரிப்புக்கு அந்த 80-இலேயே வாங்கியாயிற்று என்றால், பத்து சதவீதம் எதற்கு? நல்ல கேள்வி.

ஆனால் பாருங்கள், அங்கேயும் பேச்சு வாடிக்கையாளருக்கும் ஓட்டலுக்கும் நடுவில்தான். இடையில் 2023-இல் இதே வழக்கில், ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் சர்வீஸ் சார்ஜ் என்று போடாமல் ‘ஊழியர் பங்களிப்பு’ என்று போடட்டும், பத்து சதவீதத்தைத் தாண்டவேண்டாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. அப்போதாவது பங்களிப்பு ஊழியருக்குப் போனதா என்று யாராவது கணக்குக் கேட்டிருக்கலாம்.

5 அக்டோபர்

போன வாரம் திருச்சியில் சாப்பிட்ட இடத்தில் பில் 640. போனில் கட்டிவிட்டு, இரண்டு இருபதை சர்வர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி, கல்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பில் புத்தகத்துக்குள் செருகினார். ‘கேமரா இருக்கு சார். பெட்டியில போட்டுடுவேன்’ என்றார். மாசம் எவ்வளவு வரும் என்றேன். முன்னே பெட்ரோலுக்கும் பிள்ளை டியூஷனுக்கும் சரியாக இருக்குமாம், இப்போது பெட்ரோலுக்கே பத்தவில்லையாம். சாவி யாரிடம் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த மேசையில் சாம்பார் கேட்டுவிட்டார்கள்.

6 அக்டோபர்

கொடைக்கானலில் தங்கிய ஓட்டலின் பில்லிலும் பத்து சதவீதம் போட்டார்கள் என்று கேட்டவருக்கு: வழிகாட்டுதல் சாப்பாட்டுக் கடைக்கு மட்டுமல்ல, தங்கும் ஓட்டலுக்கும்தான். பில்லை எடுக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சண்டையைக் கல்லாவில் போடுங்கள், பில் கொண்டுவந்த பையனிடம் போடாதீர்கள். அந்த வரியைப் பில்லில் அடித்தது அவனில்லை. எடுத்துவிட்டார்கள் என்றால் அதில் ஒரு பங்கை அறை சுத்தம் செய்தவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். தலையணை மேல் வைக்காதீர்கள், அடுத்து வருகிறவர் யாரென்று சொல்லமுடியாது.